அணை கட்டியவர் ஆட்சியும் செய்தார்

இன்ஜினியருக்கு மெஷின்தான் தெரியும், ஆட்சி பண்ணத் தெரியுமா என்று கேட்பவர்கள் சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் வாழ்க்கையைப் படிக்கட்டும்.

முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். டியூஷன் சொல்லிக் கொடுத்தே பெங்களூரில் படித்தார். புனேயில் இன்ஜினியரிங் முடித்தார். 1903-ல் கடக்வாஸ்லா அணையில், வெள்ளம் ஏறினால் தானே திறந்து, வடிந்தால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளை அமைத்தார். 1909-ல் மைசூரின் தலைமை இன்ஜினியர். கிருஷ்ணராஜசாகர் அணை வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது.

1912-ல் திவான் ஆனார். 1913-ல் மைசூர் வங்கி, 1916-ல் பல்கலைக்கழகம், 1917-ல் பெங்களூர் இன்ஜினியரிங் கல்லூரி என்று அடுத்தடுத்து எழும்பின.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. பிராமணரல்லாதார் அரசு வேலையில் இட ஒதுக்கீடு கேட்டார்கள். தகுதி குறைந்துவிடும் என்று இவர் ஏற்கவில்லை. மகாராஜாவோ கோரிக்கையின் பக்கம் நின்றார். 1918-ல் திவான் பதவியை விட்டார். 1955-ல் பாரத ரத்னா பெற்று, 1962-ல் நூறு வயது கடந்து மறைந்தார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் ஆட்சியில்தான் 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. ஆக, பட்டம் மட்டும் தலைவனை உண்டாக்காது.

முத்தாபுதுப்பேட்டையில் பஸ் ஏறி ஆவடி, அம்பத்தூருக்கு அப்ரன்டிஸ் போகப்போகிற நம்மில் பலர், குடும்பத்தில் முதல் டிப்ளமோக்காரர்கள். அணைக் கணக்கை அவரிடம் கற்போம். அவர் விட்டுவிட்ட மனுஷக் கணக்கையும் சேர்த்தே போடுவோம்!