துன்பத்திலே துணையான திருவருள்: திருநாவுக்கரசு நாயனார் வரலாறு

சைவசமய குரவர் நால்வருள் ஒருவராகிய திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றை நாம் எல்லோரும் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். சித்திரைச் சதயத்திலே குருபூசை செய்து அவரை வழிபட்டும் வருகின்றோம். ஆயினும் சுண்ணாம்பு நீற்றறையும் கல் மிதந்ததும் எமது நினைவில் நிற்கும் அளவுக்கு, அவற்றுக்கு முன்னே அக்குடும்பம் அனுபவித்த துயரம் நிற்பதில்லை. கஷ்டம் வரும்போது கடவுள் எங்கே என்று கேட்பவர்கள் எம்மிடையே உண்டு. அடியேனும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன். அவ்வாறு கேட்போருக்காகவே இவ்வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினேன்.

நாயனார் கி.பி. 7 ஆம் நூற்றாண்டில், திருமுனைப்பாடி நாட்டிலுள்ள திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாக அவதரித்தார். மருள்நீக்கியார் என்பது பெற்றோர் இட்ட பெயர். அவருக்கு மூத்தவர் திலகவதியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத் தலைவருக்கு மணம் பேசியிருந்தனர். திருமணம் நடைபெறுமுன் அரசன் ஆணைப்படி கலிப்பகையார் வடபுலத்துக்குப் போருக்குச் சென்றார். அக்காலத்திலே புகழனார் நோயுற்று இறந்தார். கணவன் பிரிவைப் பொறாத மாதினியாரும் உயிர்நீத்தார். அத்துயரம் ஆறுமுன்னரே கலிப்பகையாரும் போரில் இறந்தார் என்ற செய்தி வந்தது.

தந்தை, தாய், கணவராக வரவிருந்தவர் என மூவரையும் அடுத்தடுத்து இழந்த திலகவதியார் தாமும் உயிரை விடத் துணிந்தார். இளையவராகிய மருள்நீக்கியார் தமக்கையாரின் காலில் விழுந்து அழுதார். தமக்கையும் போய்விட்டால் அவருக்கு முன்னே தாம் இறப்பதாகச் சொன்னார். தம்பியின் பொருட்டு அவ்வம்மையார் உயிர் தாங்கினார்.

மருள்நீக்கியார் வளர்ந்ததும் செல்வத்தின் நிலையாமையை எண்ணி அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். ஆயினும் மனம் அமைதியடையவில்லை. மெய்ந்நெறியைத் தேடிப் பாடலிபுத்திரம் சென்று சமண சமயத்திற் சேர்ந்து, அந்நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்ற பெயருடன் தலைமை பெற்றார். இதனை நாம் இகழ வேண்டியதில்லை. துயரம் மிகுந்த உள்ளம் ஆறுதலைத் தேடி அலைவது இயல்பே.

திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். விடியுமுன் எழுந்து திருக்கோயிலைக் கூட்டினார், சாணத்தினால் மெழுகினார், பூக்கொய்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுத் தரும்படி நாள்தோறும் வேண்டினார். கவலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. அக்கையில் விளக்குமாற்றை எடுத்தார்.

இறைவன் அவருக்குக் கனவிலே தோன்றி அருளிய பின், தருமசேனரைக் கொடிய சூலைநோய் பற்றியது. சமணர்கள் செய்த மந்திரங்களாலும் மயிற்பீலியாலும் நோய் தீரவில்லை. தாங்க முடியாத நிலையில் அவருக்குத் தமக்கையார் நினைவு வந்தது. தமக்கையாரை அழைத்துவர ஆள் அனுப்பினார். அவ்விடத்துக்குத் தாம் வருவதில்லை என்று திலகவதியார் மறுத்துவிடவே, தருமசேனர் பதவியையும் பெருமையையும் துறந்து இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து அவர் பாதங்களில் விழுந்தார். திலகவதியார் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் முதற் பதிகத்தைப் பாட, சூலைநோய் நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரும் அவருக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைவனை வந்தடைந்த பின்னர் அவருடைய துன்பங்கள் நின்றுவிடவில்லை. பெருந்துன்பங்கள் அதன் பின்னரே வந்தன. பல்லவ அரசன் அவரை ஏழு நாட்கள் நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கலந்த பாற்சோற்றை உண்ணச் செய்தான், மதயானையை ஏவினான், ஈற்றில் கல்லோடு கட்டிக் கடலில் எறிவித்தான். நமச்சிவாயப் பதிகத்தைப் பாடிய நாயனாரை அக்கல்லே தெப்பமாகிக் கரைசேர்த்தது. அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என ஆய்வாளர் பலர் கருதுவர். பின்னர் அவனும் சைவனாகி, திருவதிகையிலே குணபரவீச்சரம் என்னும் கோயிலைக் கட்டினான் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. துன்பம் வராதிருப்பது அன்று, துன்பத்தைக் கண்டு அஞ்சாதிருப்பதே நாயனார் பெற்ற வரம்.

அதன் பின் நாயனார் உழவாரத்தைக் கையில் ஏந்தித் தலந்தோறும் சென்று புல்லைச் செதுக்கிப் பதிகம் பாடினார். அவர் பாடியவை 4, 5, 6 ஆம் திருமுறைகளாக உள்ளன. திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுதளிக்க அவருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு வழங்கினார். சம்பந்தரின் காசை மாற்றும்போது வட்டம் கழிந்தது. நாவுக்கரசரின் காசு கழிவின்றி மாறியது. அவர் கைத்தொண்டும் செய்தவர் என்பதே அதற்குக் காரணம் என்பர் பெரியோர். ஈற்றில் திருப்புகலூரிலே, உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றையும் பருக்கைக் கற்களாகவே எண்ணி வாவியில் எறிந்தார். 81 ஆம் வயதில் அத்தலத்திலே சிவனடி சேர்ந்தார் என்பது மரபு.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எங்கள் குடும்பமும் கூட நடந்தது. அங்கே ஒரு கோயில் மடத்திலே தங்கியிருந்தோம். எங்களோடு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருவரும் இருந்தார். அவர் நாள்தோறும் இருட்டோடு எழுந்து அக்கோயில் வீதியைக் கூட்டுவார். அப்போது கந்தோர் உத்தியோகத்தனாக இருந்த எனக்கு அது கோபத்தையே தந்தது. எல்லாம் போன பின் இது எதற்கு என்று எண்ணினேன். 1996 இல் ஊர் திரும்பியபோது எமது ஆலய வீதி முழுவதும் பற்றை மூடிக் கிடந்தது. சனங்கள் தத்தம் வீடுகளைப் பார்க்க ஓட, முதலில் வீதியில் இறங்கியவர் அந்த அம்மாதான். அன்றைக்கே எனக்குத் திலகவதியார் யார் என்பது விளங்கியது. நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னே போனேன். அந்த அம்மா இன்று எம்மோடு இல்லை. அவர் கூட்டிய வீதியிலேதான் எம்பெருமான் தேரில் வலம் வருகின்றார்.

ஆகவே அடியார்களே, மனம் சோரும் நாட்களில் கோயிலுக்கு வாருங்கள். வாயால் ஒரு பதிகத்தைப் பாடுங்கள், கையால் ஒரு தொண்டைச் செய்யுங்கள். நாயனாரைத் தாங்கிய திருவருள் எம்மையும் தாங்கும் என எம்பெருமான் பாதம் பணிந்து அமைகின்றேன்.

சுபம்.