பொம்மை வியாபாரி ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த கதை: யார் இந்த ஆஸ்முண்ட் லார்டல்?

ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் இருப்பவரின் உடல் சூடு திடீரென எகிறுகிறது. மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் என எல்லோரும் பரபரக்கிறார்கள். ஆனா, படுத்திருப்பது பொம்மை. இந்த ஒத்திகைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் டாக்டரே இல்லை. நார்வேயில் பொம்மை விற்றவர்.

ஆஸ்முண்ட் லார்டல் 1940-ல் ஸ்டாவாங்கர் நகரில் தொழில் தொடங்கினார். முதலில் வாழ்த்து அட்டை, குழந்தைகள் புத்தகம். பிறகு மர பொம்மை. மென்மையான பிளாஸ்டிக் வந்ததும் அதில் இறங்கினார். 'ஆன்' என்ற பொம்மை நல்லாவே விற்றது.

1950-களில் அவருடைய சின்ன மகன் தண்ணீரில் மூழ்கினான். தூக்கிவந்து, மூச்சுக்குழாயில் இருந்த தண்ணீரை வெளியேற்றிக் காப்பாற்றியது லார்டல்தான்.

அதே காலத்தில், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று அமெரிக்காவில் பீட்டர் சஃபார் நிரூபித்திருந்தார். இவர் மயக்க மருந்து நிபுணர். சரி, இதை எதன்மேல் பழகுவது? ஸ்டாவாங்கரைச் சேர்ந்த மயக்க மருந்து டாக்டர் பியோர்ன் லிண்ட், அந்தக் கேள்வியை லார்டலிடம் கொண்டுவந்தார். 1960-ல் பிறந்தது 'ரெசஸி ஆன்'. ஆண் பொம்மை என்றால் ஆண்கள் வாய் வைக்கத் தயங்குவார்கள் என்று பெண்ணாகவே செய்தார். முகம், பாரிஸின் செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணுடையது. பின்னர், மார்பை அழுத்திப் பழக உள்ளே ஸ்பிரிங் வந்தது.

மயக்க மருந்துப் பயிற்சிக்கென்றே கணினியில் இயங்கும் பொம்மையை 1960-களிலேயே அமெரிக்காவில் செய்தார்கள். ஆனா செய்தது ஒன்றே ஒன்று, விலை கட்டுப்படியாகவில்லை.

லார்டல் 1981-ல் இறந்தார். மூச்சும் நாடியும் கணினி சொன்னபடி மாறும் 'சிம்மேன்' பொம்மையை அவரது நிறுவனம் கொண்டுவந்தபோது அவர் இல்லை.

தொடக்கத்தில் சொன்ன சூடு, 'மலிக்னன்ட் ஹைபர்தெர்மியா'. சில மயக்க மருந்துகள், மரபணுக் கோளாறு உள்ளவர்களின் தசையைக் கொதிக்க வைத்துவிடும். ஒரு டாக்டர் தன் சர்வீஸ் முழுக்க இதை நேரில் பார்க்காமலே போகலாம். பார்க்கும் நாளில் தடுமாறினால் உயிர் போய்விடும்.

மாற்று மருந்து டான்ட்ரோலீன். பழைய வகையில் ஒரு பாட்டிலில் 20 மில்லிகிராம் தூள்தான். அதை 60 மில்லி தண்ணீரில் குலுக்கிக் கரைக்கணும். 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே 9 பாட்டில்! யார் குலுக்குவது, யார் வாயுவை நிறுத்துவது, ஐஸ் யார் கொண்டுவருவது? அந்த நேரத்தில் உட்கார்ந்து பேச முடியாது. அதனால்தான் காலாவதியான டான்ட்ரோலீன் பாட்டில்களைத் தூக்கிப் போடாமல், பொம்மையோடு ஒத்திகை பார்க்க எடுத்துவைக்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன.