நூலகத்துக்கு இலக்கணம் வகுத்தவர்

நுழையும்முன்

கல்லூரி நூலகத்தில் ஒரு நூலைக் கேட்கிறோம். சில நொடிகளில் அது நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால், நூலைப் படித்துப் பொருளறிந்து, எண்ணிட்டு, பட்டியலில் சேர்த்து, உரிய அடுக்கில் வைத்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உழைப்பை ஓர் அறிவியலாக உயர்த்தியவர் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் அவர், தொடக்கத்தில் அப்பணியை விட்டு விலகவே விரும்பினார்.

கணித ஆசிரியர்

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிர்தம், தாயார் சீதாலட்சுமி. ஆறு வயதிலேயே தந்தையை இழந்தவர், உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டமும் 1916ஆம் ஆண்டு கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்குக் கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்டு இராசு என்பவரைத் தம் வாழ்நாள் முழுவதும் குருவாகவே போற்றினார்.

அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஆயினும் ஆசிரியப் பணியையே விரும்பினார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917ஆம் ஆண்டு மங்களூர் அரசுக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். பின்னர்க் கோயம்புத்தூரிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். இடைவிடாத முயற்சியால் பேச்சுத் தடையை வென்று, மாணவர் விரும்பும் ஆசிரியரானார். வகுப்பில் தாம் மட்டுமே பேசிக்கொண்டிருப்பதை அவர் விரும்பவில்லை. மாணவர்கள் தாமே நூல்களைத் தேடிப் படிக்க வேண்டும். படித்ததை வகுப்பில் விவாதிக்க வேண்டும் என்று கருதினார். நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் உள்ள உறவை அவர் உணர்ந்தது அந்நாளில்தான்.

தனிமை தந்த பணி

1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. ஏறத்தாழ 900 பேர் அதற்கு விண்ணப்பித்தனர். கல்லூரி ஆசிரியர் ஊதியத்தைக் காட்டிலும் அப்பதவிக்குரிய ஊதியம் மிகுதி. நண்பர்களின் தூண்டுதலால் அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகப் பயிற்சி எதுவும் அவருக்கு இல்லை. நேர்காணலுக்குச் சில நாள்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவருடைய தயாரிப்பு. எனினும் பதவி அவருக்கே கிடைத்தது. 1924ஆம் ஆண்டு சனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவர் மனம் சோர்ந்தது. மாணவர்களின் கேள்விகளுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு, வாசகர் அரிதாகவே வந்துபோன நூலகத்தின் அமைதி தாங்க இயலாததாக இருந்தது. செய்வதற்கு அங்கு வேலையே இல்லை எனத் தோன்றியது. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, தம்மை மீண்டும் கணிதத் துறைக்கே அழைத்துக்கொள்ளுமாறு வேண்டினார். முதல்வர் மறுக்கவில்லை, ஆனால் ஒரு வழி சொன்னார். நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு காத்திருக்கிறது. அங்குச் சென்று வந்த பின்னரும் பணி பிடிக்கவில்லையெனில் கல்லூரிக்குத் திரும்பலாம் என்றார். அந்த உறுதிமொழியின் துணையோடு அரங்கநாதன் கப்பலேறினார்.

இலண்டன் காட்டிய வழி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக அமைந்தவர் குராய்டன் நகர நூலகர் பெர்விக் சேயர்சு. வகுப்பறைப் பாடத்தோடு அரங்கநாதன் நிற்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார். அவற்றில் அவர் கண்ட காட்சி சென்னையில் கண்டதற்கு நேர்மாறாக இருந்தது. குழந்தைகள், தொழிலாளர், இல்லத்தரசியர் எனப் பலதரப்பட்டவரும் நூலகத்தைத் தம் உரிமையாகக் கருதிப் பயன்படுத்தினர். ஒரு நாட்டின் கல்வி பள்ளிகளோடு முடிவதில்லை. பள்ளியை விட்டு வெளியேறியவர்க்கும் பள்ளிக்கே செல்லாதவர்க்கும் நூலகமே கல்விக்கூடம் என்பதை அவர் உணர்ந்தார். வேலையே இல்லை என்று தாம் எண்ணிய இடத்தில் ஒரு வாழ்நாளுக்குப் போதாத வேலை காத்திருப்பது புலப்பட்டது.

அதே வேளையில் ஒரு குறையும் அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு வகையில் நூல்களை அடுக்கியிருந்தது. அன்று பரவலாக வழங்கியது மெல்வில் டூயியின் பதின்மப் பகுப்பு முறை. அமெரிக்காவில் ஆம்கர்சுட்டு என்னும் சிறிய கல்லூரியின் நூலகத்தில் பணியாற்றியபோது டூயி உருவாக்கிய அம்முறை 1876ஆம் ஆண்டு வெளியானது. அறிவுத்துறைகளை முன்கூட்டியே பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை அது நிலையாக வழங்கியது. ஆனால் அறிவு நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. இரு துறைகள் கூடிப் புதிய துறை பிறக்கும்போது, முன்பே தைத்த சட்டைக்குள் வளர்ந்த உடல் அடங்காதது போல, அந்நூலுக்குரிய இடத்தைக் காண்பது கடினமாகிறது.

இதற்கு விடை ஒரு கடையில் கிடைத்தது. இலண்டன் அங்காடி ஒன்றில், துளையிட்ட உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் கொண்ட விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதே தகடுகளை வெவ்வேறு வகையில் இணைத்து வெவ்வேறு பொம்மைகளைச் செய்தார். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைக்கலாமே என்னும் எண்ணம் அரங்கநாதனுக்குத் தோன்றியது. தகடுகளை இணைக்கத் திருகாணி இருப்பதுபோல, பொருட்கூறுகளை இணைக்க ஒரு குறி வேண்டும். முக்காற்புள்ளியை அதற்குத் தெரிவு செய்தார். 1925ஆம் ஆண்டு நாடு திரும்பிய கப்பல் பயணத்திலேயே புதிய முறைக்கான வரைவு உருப்பெற்றது. மாநிலக் கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அதன்பின் அவருக்கு எழவில்லை.

முக்காற்புள்ளிப் பகுப்பு முறை

சென்னை நூலகத்தில் இம்முறையைப் பல்லாண்டு நடைமுறையில் சோதித்த பின்னரே, 1933ஆம் ஆண்டு அவர் அதை நூலாக வெளியிட்டார். அது கோலன் பகுப்பு முறை எனவும் வழங்கப்படுகிறது. ஒரு நூல் தமிழகத்தில் நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பற்றியது எனக் கொள்வோம். வேளாண்மை என்பது முதன்மைத் துறை. அதனுள் நெல் ஒரு கூறு. நோய் ஒரு கூறு. தமிழகம் இடத்தைச் சுட்டும் கூறு. ஆய்வு நடந்த ஆண்டு காலத்தைச் சுட்டும் கூறு. ஒவ்வொரு கூறுக்கும் உரிய குறியீட்டை வரிசைப்படி இணைத்தால் அந்நூலுக்கான எண் பிறந்துவிடும். நாளை புதிய பயிரோ புதிய நோயோ வந்தாலும், பழைய அமைப்பைக் குலைக்காமல் புதிய கூறை மட்டும் சேர்த்தால் போதும். பிற்காலத்தில் இக்கூறுகள் அனைத்தையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைகளுக்குள் அவர் அடக்கினார். பட்டியல் அமைப்பதற்கான விதிகளைத் தொகுத்து 1934ஆம் ஆண்டு தனிநூலாக வெளியிட்டார்.

ஐந்து விதிகள்

நூலகப் பணியில் நூற்றுக்கணக்கான நடைமுறைகள் உள்ளன. கணிதம் பயின்றவரான அரங்கநாதனுக்கு, இவையனைத்தும் சில அடிப்படை உண்மைகளிலிருந்து பிறக்க வேண்டும் எனத் தோன்றியது. அவ்வுண்மைகள் எவை என 1928ஆம் ஆண்டு ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார். தம்மைக் காண வந்த பேராசிரியர் இராசிடம் தம் தவிப்பைச் சொன்னார். நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பதுதானே நீர் தேடும் முதல் விதி என அப்பேராசிரியர் எளிமையாகக் கூறிச் சென்றார். முதல் விதி கிடைத்ததும் ஏனையவை தொடர்ந்து பிறந்தன. ஐந்து விதிகளையும் விளக்கும் நூல் 1931ஆம் ஆண்டு வெளிவந்தது.

முதல் விதி பார்வைக்கு மிக எளியது. ஆனால் நூல்கள் காக்கப்பட வேண்டியவை என்றே உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். நூல் பயன்பாட்டுக்கு உரியது என ஏற்றுக்கொண்டால், நூலகம் மக்கள் வந்து சேரக்கூடிய இடத்தில் அமைய வேண்டும். அவர்களுக்கு உகந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அடுக்குகளின் உயரம்கூடக் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். இரண்டாம் விதி, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்கச் செய்யக் கூறுகிறது. செல்வர், வறியவர், ஆண், பெண் என்னும் வேறுபாடு இங்கே மறைந்துவிடுகிறது. மூன்றாம் விதி நூலின் பக்கம் நின்று பேசுகிறது. எந்த நூலும் தனக்குரிய வாசகரைச் சேராமல் அடுக்கில் தூங்கிவிடக் கூடாது. நான்காவது, வாசகரின் காலத்தை வீணாக்காமல் காக்குமாறு பணிக்கிறது. ஐந்தாவது, நூலகத்தை வளர்கின்ற உயிராகக் காண்கிறது.

இவ்விதிகளைத் தம் நூலகத்தில் அவர் செயலாக்கினார். வாசகர்கள் அடுக்குகளுக்கு நேரே சென்று நூல்களைத் தாமே பார்த்து எடுக்க வழி செய்தார். எதைப் படிப்பது, எங்கே தேடுவது எனத் தயங்கி நிற்பவரை அணுகி உதவும் குறிப்புதவிப் பணியை ஏற்படுத்தினார். சென்னையில் பணியாற்றிய இருபது ஆண்டுகளில் அவர் விடுமுறை எடுத்ததில்லை. நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். ஒருகாலத்தில் தனிமையால் அவரை வருத்திய நூலகம் வாசகர் நடமாடும் இடமாக மாறியது.

நாடெங்கும் நூலகம்

பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அவர் பணி அடங்கவில்லை. 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் உருவாக அவர் முதன்மையான காரணராக இருந்தார். அச்சங்கத்தின் வழியே 1929ஆம் ஆண்டு நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னர் அதைப் பல்கலைக்கழகமே ஏற்று நடத்தியது. பயிற்சியின்றி நூலகரானவர், தமக்குப் பின் வருவோர் பயிற்சியோடு வர வழி வகுத்தார். நூலக இயக்கம் சிற்றூர்களையும் எட்டியது. 1931ஆம் ஆண்டு மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புற ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது.

கொடையாளரின் மனநிலையை நம்பி மட்டும் நூலகங்கள் வாழ இயலாது. சட்டத்தின் துணையும் நிலையான வருவாயும் வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. 1930ஆம் ஆண்டு காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அன்று தொடங்கிய முயற்சி பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் கனிந்தது. தி. சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாநிலங்களில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. வீட்டுவரியோடு நூலக வரியையும் வாங்கி, அதனைக் கொண்டு நூலகங்களை நடத்தும் முறை இச்சட்டத்தால் வந்தது. இன்று தமிழகத்துச் சிற்றூர்களில் இயங்கும் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வேர் அங்கேதான் உள்ளது.

காசியில் ஒருவர் உழைப்பு

சென்னைப் பணியிலிருந்து விலகிய அரங்கநாதன், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த இராதாகிருட்டிணனின் அழைப்பை ஏற்று 1945ஆம் ஆண்டு அங்குச் சென்றார். நூல்கள் அங்கு ஒழுங்கின்றிக் கிடந்தன. பயிற்சி பெற்ற பணியாளர் இல்லை. ஐம்பது வயதைக் கடந்த அவர், இரண்டாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். உலகப் புகழ் பெற்ற பின்னரும் ஒரு நூலைக் கையிலெடுத்து, பொருளறிந்து, எண்ணிடும் பணியை அவர் தாழ்வாகக் கருதவில்லை. கோட்பாட்டை வகுத்தவரே அதன் கடைநிலை வேலையையும் செய்தார் என்பதே காசி நாள்கள் நமக்குக் காட்டும் உண்மை.

1947ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் சென்று நூலக அறிவியலை உயர்கல்விப் பாடமாக நிலைநிறுத்தினார். பின்னர்ச் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச்சு நகரில் தங்கி ஆய்வு செய்தார். வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் உரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, துணைவியார் சாரதாவின் பெயரும் இணைந்த நூலக அறிவியல் இருக்கையை நிறுவினார். ஊதியம் மிகுதி என்பதும் ஒரு காரணமாகப் பணியில் சேர்ந்தவர், அப்பணி தந்த பொருளை அப்பணிக்கே திருப்பியளித்தார்.

1962ஆம் ஆண்டு பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை உருவாக்கினார். நடுவணரசு 1957ஆம் ஆண்டு பத்மசிறீ விருதையும், 1965ஆம் ஆண்டு தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் தகுதியையும் வழங்கியது. இளமையில் கற்ற கணிதத்தை அவர் மறக்கவில்லை. 1967ஆம் ஆண்டு கணிதமேதை இராமானுசனின் வரலாற்றை நூலாக எழுதினார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாக இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நிறைவாக

அரங்கநாதன் வகுத்த பகுப்பு முறையை இன்று எல்லா நூலகங்களும் பின்பற்றுவதில்லை. பல நூலகங்கள் டூயியின் முறையிலேயே நூல்களை அடுக்குகின்றன. ஆயினும் பொருளைக் கூறு கூறாகப் பகுத்துத் தேடும் அவருடைய சிந்தனை, கணினிவழித் தகவல் தேடலிலும் பயன்படுகிறது. அதனினும் பெரிது, நூலகரைக் குறித்து அவர் மாற்றிய எண்ணம். நூல்களுக்குக் காவலர் என்று கருதப்பட்டவரை, நூலையும் வாசகரையும் சேர்த்துவைக்கும் ஆசிரியராக அவர் ஆக்கினார். ஒரு மாணவர் வேண்டிய நூலைத் தேடி வந்து, அது கிடைத்த மகிழ்ச்சியோடு திரும்பிச் செல்லும் ஒவ்வொரு நூலகத்திலும் அவருடைய பணி தொடர்கிறது.