மூவலூர் தந்த மூதாட்டி

காவிரித்தாய் கால் பதித்த இடமெல்லாம் பொன் விளையும் பூமி நம் தஞ்சைத் தரணி. நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இம்மண்ணில் கோயில்களுக்கும் குறைவில்லை. அக்கோயில்களில் வளர்ந்த ஆடலுக்கும் பாடலுக்கும் குறைவில்லை. ஆனால் அந்த ஆடலையும் பாடலையும் தவிர வேறு பிழைப்பு அறியாதபடி, தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கட்டிவைக்கப்பட்ட பெண்களும் இங்கே இருந்தார்கள். பொட்டுக்கட்டுதல் என்பது அந்தக் கட்டின் பெயர். அதை அறுக்கப் புறப்பட்டவர்களுள் ஒருவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

வேதியியல் படிக்கும் பெண் வரலாறு எழுத வந்தது ஏன் என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. அம்மையாரின் பெயர் எங்கள் வீட்டுக்குள் இருமுறை வந்தது. அக்காள் திருமணத்திற்கு அரசு கொடுத்த உதவித்தொகையும் தாலித் தங்கமும் அந்தப் பெயரில் வந்தன. நான் கல்லூரியில் சேர்ந்தபோது, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்திற்கு விண்ணப்பம் எழுதினேன். அதன் தலைப்பிலும் அதே பெயர். நடவுக்குப் போய் எங்களை ஆளாக்கிய என் அம்மா, யாரோ மந்திரியின் தாயார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதற்குமேல் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

அம்மையார் 1883-ஆம் ஆண்டு பிறந்தவர். மயிலாடுதுறைக்கு மேற்கே உள்ள மூவலூரில் வளர்ந்ததால் ஊர்ப்பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. வறுமை தாங்காமல் தந்தை சென்னைக்குப் போய்விட்டார். தாயும் பின்னால் போக நேர்ந்தபோது, சிறுமியைத் தாசிகுலப் பெண்மணி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கைமாறாகக் கிடைத்தது பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும். ஒரு பெண்ணின் எதிர்காலத்திற்கு அன்று அவ்வளவுதான் விலை!

வளர்ப்புத் தாயின் வீட்டில் ஆடலும் பாடலும் கற்பிக்கப்பட்டன. பருவம் வந்ததும் பணக்காரக் கிழவர் ஒருவருக்கு அவரைக் கொடுத்துவிட ஏற்பாடாயிற்று. அதை மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையையே அவர் மணந்துகொண்டார். இன்றைக்கும் நம் ஊர்ப்பக்கம் ஒரு பெண் தன் மணமகனைத் தானே தேர்ந்தெடுத்தால் என்ன பேச்சு எழும் என்பது தோழியர் அறிந்ததே. நூறாண்டுகளுக்கும் முன்னால், பொட்டுக்கட்டும் வழக்கம் கோலோச்சிய ஊரில், அது எத்தகைய துணிவாக இருந்திருக்கும்!

தாம் தப்பியதோடு அவர் அமைதியாக இருந்துவிடவில்லை. காங்கிரசில் சேர்ந்தார், கதர் உடுத்தினார், 1925-இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியபோது அவரும் உடன் வந்து சுயமரியாதை இயக்கத்தில் நின்றார். கோயில் கோயிலாக, தெருத் தெருவாகச் சென்று, பெண்குழந்தைகளுக்குப் பொட்டுக்கட்டாதீர்கள் என்று தம் குலத்தாரிடமே மன்றாடினார்.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தேவதாசியரில் பலரே இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்திருக்கிறார்கள். சங்கம் கூடி அரசுக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் எதிர்த்தார்கள்? அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் ஊழியத்திற்காக விடப்பட்ட மானிய நிலம், ஊழியத்தை விட்டால் கைவிட்டுப் போகும். கைத்தொழில் தெரியாது, பள்ளிப்படிப்பு இல்லை, வெளியே வந்தால் வேலை தருவார் இல்லை. சோற்றுக்கு வழி சொல்லாமல் சங்கிலியை மட்டும் அறுத்தெறி என்றால் யார்தான் அறுப்பார்?

இந்த முடிச்சை அவிழ்க்க, புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பாடுபட்டார். அவர் முயற்சியால் வந்த 1929-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், ஊழியம் செய்யாமலேயே மானிய நிலத்தைத் தேவதாசியர் வைத்துக்கொள்ள வழி செய்தது. அந்த வாழ்க்கையை விட்டு வந்த சிறுமியருக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஒளவை இல்லமாக வளர்ந்து, ஆதரவற்ற பெண்களுக்குப் படிப்பும் கைத்தொழிலும் தந்தது. சட்டமன்றத்தில் டாக்டர் அம்மையார் பேசியதை ஊர்த்திண்ணைகளில் பேசியவர் நம் மூவலூர் அம்மையார். பட்டம் பெற்றவர் ஒருவர், பட்டறிவு பெற்றவர் ஒருவர், இருவரும் தேவைப்பட்டார்கள்.

1936-இல் அவர் ஒரு நாவலும் எழுதி வெளியிட்டார். தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்பது அதன் பெயர். பெண்களையே பழிப்பது போன்ற அந்தத் தலைப்பு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆயினும் பின்பாதியைப் பாருங்கள். மைனர் என்றால் யார் என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளையும் அம்மையார் விட்டுவைக்கவில்லை!

1938 ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து இந்தி எதிர்ப்புத் தமிழர் படை சென்னைக்கு நடைப்பயணமாகப் புறப்பட்டது. ஐம்பத்தைந்து வயதான அம்மையாரும் அப்படையோடு சென்றார். நாற்பத்திரண்டு நாள் பயணம். நான் பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரிக்கு நடப்பதற்கே அலுத்துக்கொள்பவள். அந்த ஆண்டு நவம்பரில் பெண்களின் மறியலில் கலந்துகொண்டு ஆறு வாரம் சிறையும் சென்றார். அவ்வாறே சிறை ஏகிய டாக்டர் தருமாம்பாள் நம் தஞ்சைக் கருந்தட்டாங்குடியில் பிறந்தவர்.

1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதைக் கண்ணாரக் காணும் பேறு அம்மையாருக்குக் கிடைத்தது. 1949-க்குப் பின் அறிஞர் அண்ணாவின் கழகத்தில் இருந்தார். 1962 ஜூன் 27-இல் மறைந்தார்.

1989-இல் தமிழக அரசு அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால்தான் பணம் என்ற நிபந்தனைக்காகவே எத்தனையோ வீடுகளில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் விட்டார்கள். எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. 2022-இல் அத்திட்டம் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. கல்லூரி மட்டுமன்று, பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் அதில் சேர்க்கப்பட்டன. அக்காளுக்குத் தையல் பயிற்சியில் சேர ஆசை இருந்தது. அவள் காலத்தில் அந்தப் பெயர் தாலியாக வந்தது. என் காலத்தில் ஆய்வகக் கோட்டாகவும் பேருந்துக் கட்டணமாகவும் வந்தது. அவள் இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நான்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு இருவருக்கும் படித்துக் காட்டினேன். சுயம்பு பிள்ளை வரும் இடத்தை அக்காள் இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். அம்மா மட்டும், பத்து ரூபாயும் புடவையும் வாங்கிக்கொண்டு போன அந்தத் தாய் பிறகு என்ன ஆனாள், மகளை ஒருநாளாவது வந்து பார்த்தாளா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.