உருக்காலையா, உடனடி வேலையா? 5,600 கோடி ரூபாய்க்குக் கணக்கு போட்ட மஹலனோபிஸின் கதை

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். ஆண்டு 1955. ஐந்தாண்டுகளில் முதலீடு செய்ய உங்கள் கையில் 5,600 கோடி ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்கு, இயந்திரம் தயாரிக்கும் ஆலைகளில் ஒருவருக்கு வேலை கொடுக்க 20,000 ரூபாய் முதலீடு தேவை. துணி, சர்க்கரை போன்ற நுகர்பொருள் ஆலைகளில் 8,750 ரூபாய். விவசாயம், கைத்தறி, குடிசைத் தொழில்களில் வெறும் 2,500 ரூபாய். பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைகளில் 3,750 ரூபாய்.

நாடெங்கும் வேலை இல்லாத கூட்டம். நீங்க எதில் பணத்தைப் போடுவீங்க? 2,500 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைக்கும் இடத்தில்தானே?

அன்றைக்கு இந்தக் கணக்கைப் போட்டவர் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 1,850 கோடியை, முதல் வகைக்கு ஒதுக்கினார். அதில் கிடைக்கும் வேலைகள் 9 லட்சம்தான். குடிசைத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் ஒதுக்கிய 1,180 கோடியிலோ 47 லட்சம் வேலைகள். நான்கு வகையையும் கூட்டினால் 1 கோடியே 10 லட்சம்.

இந்தக் கணக்குதான் இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம். போட்டவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். இத்தனைக்கும் அவர் பொருளாதாரம் படித்தவரே இல்லை.

ராமானுஜனின் நண்பர்

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில், பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1913இல் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜை ஒரு நாள் சுற்றிப் பார்க்கப் போனவர் ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் ஒருவரோடு தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அவரைக் கவர்ந்துவிட, அங்கேயே சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் நம்ம ஊர் ராமானுஜனோடு பழக்கம் ஏற்பட்டது. குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்குப் போர்வைகளை விரித்து உள்ளே புகுந்து படுக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தவர் இவர்தான். இன்னொரு நாள், ராமானுஜன் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தபோது, பத்திரிகையில் வந்த ஒரு புதிரை மஹலனோபிஸ் வாசித்துக் காட்டினார்.

ஒரு தெருவில் 1 முதல் வரிசையாக எண்ணிட்ட வீடுகள். 50க்கு மேல், 500க்குள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அது எத்தனையாவது வீடு? மஹலனோபிஸ் முட்டி மோதி விடையைக் கண்டுபிடித்திருந்தார்: 288 வீடுகளில் 204ஆவது. ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலேயே, அந்த வகைப் புதிர்கள் அத்தனைக்கும் விடை தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார். (நேரம் இருந்தால் 204ஐக் கூட்டிச் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் 20,706 வரும்.)

1915இல் ஊர் திரும்பும்போது பயோமெட்ரிகா என்ற ஆய்விதழின் தொகுதிகளை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார். வழியெல்லாம் அதைப் படித்தார். புள்ளியியல் என்ற துறை அவருக்கு அறிமுகமானது அப்படித்தான். கல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியராகத்தான் சம்பளம் வாங்கினார். மனசு முழுக்க இதில் இருந்தது.

கரையை உயர்த்தினால் போதுமா?

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் திட்டக் கமிஷன் அல்ல. ஒடிசாவின் பிராமணி ஆறு.

1926இல் அங்கே பெருவெள்ளம். ஆற்றில் வண்டல் படிந்து படுகை சுமார் ஓர் அடி உயர்ந்துவிட்டது, எனவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் குழு சொன்னது. கேட்டால் சரியாகத்தானே தோன்றுகிறது? அரசு மஹலனோபிஸிடம் அபிப்பிராயம் கேட்டது.

அவர் சுமார் 60 ஆண்டுகளின் மழை அளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் எடுத்து வைத்து உட்கார்ந்தார். படுகை உயரவே இல்லை என்று தெரிந்தது. மேற்பகுதியில் கொட்டிய அளவு கடந்த மழைதான் காரணம். கரையை உயர்த்திப் பயனில்லை, மேலே அணை கட்டித் தேக்க வேண்டும் என்றார். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் சேர்த்துக் கணக்கு போட்டும் கொடுத்தார். 1957இல் மகாநதியின் குறுக்கே திறக்கப்பட்ட ஹிராகுட் அணைத் திட்டத்தின் வேர் இந்தக் கணக்குகளில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மழைப் பதிவுகள் ஏற்கெனவே அரசின் கோப்புகளில் இருந்தவைதான். எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஓர் அறை, 250 ரூபாய்க்கும் குறைவான செலவு

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. இடம், பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய அறை. முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாயைத் தொடவில்லை.

அதன் முதல் பெரிய சவால் சணல். ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகள் அத்தனையும் வங்கத்தின் சணல் விளைச்சலை நம்பியிருந்தன. எத்தனை ஏக்கரில் சணல் விதைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் விலையையும் கணிக்க முடியாது, ஏற்றுமதியையும் திட்டமிட முடியாது. ஒவ்வொரு வயலாகப் போய் எழுதுவதுதான் அரசுக்குத் தெரிந்த வழி. அதற்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும்.

1937 முதல் மஹலனோபிஸ் வேறு வழியைச் சோதித்தார். குலுக்கல் முறையில் சில நிலத்துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அளப்பது. சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது மாதிரிதான். ஆனால் எந்தப் பருக்கையை எடுப்பது, எத்தனை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அளக்கும்படி ஏற்பாடு செய்தார். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால், களப்பணியில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே பிடித்துவிடலாம்.

அதிகாரிகள் லேசில் நம்பவில்லை. கொஞ்சத்தை அளந்து மொத்தத்தைச் சொல்வதா என்றார்கள். பிறகு வயல் வயலாக எடுத்த எண்ணிக்கை, மாதிரி ஆய்வு, வியாபாரிகளின் கணக்கு மூன்றையும் ஒப்பிட்டபோது, வியாபாரக் கணக்குக்கு நெருக்கமாக நின்றது மாதிரி ஆய்வு. செலவோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இதே அனுபவம்தான் சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. 1949இல் தேசிய வருமானக் குழுவுக்கு அவர் தலைவர். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றில் 1,833 கிராமங்கள். ஊருக்கு ஊர் மொழி வேறு, படியும் மரக்காலும் வேறு. அத்தனையையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுதும் வேலை மட்டுமே மலையளவு.

ஏன் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மஹலனோபிஸ் என்றதும் எல்லோரும் இரண்டாம் திட்டத்துக்கே தாவிவிடுகிறார்கள். அளப்பதற்கு ஓர் ஏற்பாடு, அதை நடத்த ஆட்கள், முடிவைக் கேட்கும் அரசு. இந்த மூன்றும் அமைய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. வளரும் நாடுகளில் ஆய்வும் கொள்கையும் கைகோக்க வேண்டும் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த 20 ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உருக்கு ஏன்?

1954 நவம்பரில், திட்டமிடலுக்கான ஆய்வுகளை நேரு அந்த நிறுவனத்திலேயே தொடங்கிவைத்தார். ரக்னர் ஃப்ரிஷ், யான் டின்பெர்கன், ஆஸ்கர் லாங்கே என்று உலகப் பொருளாதார அறிஞர்கள் கல்கத்தா வந்தார்கள். முதல் இருவரும் பின்னர், 1969இல், பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். நாட்டின் முதல் டிஜிட்டல் கணினி வந்து இறங்கியதும் இங்கேதான்.

1955 மார்ச்சில் மஹலனோபிஸ் திட்டத்தின் வரைவுச் சட்டகத்தைக் கொடுத்தார். அதன் தர்க்கம் எளிமையானது. இயந்திரம் செய்யத் தெரியாத நாடு என்னதான் சேமித்தாலும், அந்தப் பணத்தை அந்நியச் செலாவணியாக்கி வெளிநாட்டில்தான் இயந்திரம் வாங்க வேண்டும். எனவே இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை முதலில் உண்டாக்கு. இன்றைக்கு வேலை குறையும், ஆனால் நாளைய முதலீடு வேகமாகப் பெருகும். இடைப்பட்ட காலத்தில் வேலையையும் நுகர்பொருளையும் கைத்தறியும் குடிசைத் தொழிலும் பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஒரு டேட்டா ஜர்னலிஸ்ட்டாக நான் கொஞ்சம் குறுக்கிட வேண்டியிருக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கு சமன்பாட்டிலிருந்து கிடைத்த விடை அல்ல. முன்கூட்டியே தீர்மானித்து உள்ளே வைத்த எண். மிச்சத்தை மற்ற மூன்றுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை மட்டுமே கணக்கு சொன்னது. அந்த 20,000, 2,500 எல்லாமும் கிடைத்த தரவுகளை வைத்துச் செய்த தோராய மதிப்பீடுகள். மஹலனோபிஸ் அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு அரசியல் முடிவு கணிதத்தின் உடையில் வந்து நின்றால், எதிர்த்துக் கேள்வி கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

கேட்டவர்கள் இருந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் குழுவில் பி.ஆர். ஷெனாய் மட்டும் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். இல்லாத பணத்தை அச்சடித்துத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும் என்பது அவருடைய வாதம். பம்பாயின் வக்கீல், பிரம்மானந்தா இருவரும், தொழிலாளி சாப்பிடும் தானியத்தையும் உடுத்தும் துணியையும் பெருக்காமல் தொழில்மயம் எப்படி என்று கேட்டார்கள். இரண்டுமே காதில் ஏறவில்லை. அளந்தவர்களும், கணக்கு போட்டவர்களும், திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள் என்பதை அதற்கு ஒரு காரணமாகவே நான் பார்க்கிறேன்.

கணக்கில் இல்லாத டாலர்

அந்த மாதிரியில் ஏற்றுமதியும் இறக்குமதியும் கிடையாது. இயந்திர ஆலை கட்டுவதற்கே முதலில் இயந்திரம் இறக்குமதி செய்தாக வேண்டும், இல்லையா? 1957இல் அந்நியச் செலாவணி கரைய ஆரம்பித்தது. அப்போது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1958இல் அரசுத் துறைச் செலவை 4,800 கோடியிலிருந்து 4,500 கோடியாக வெட்ட வேண்டி வந்தது. அதே ஆண்டு கடன் தரும் நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. அமெரிக்கக் கோதுமைக்கு 1956லேயே ஒப்பந்தம் ஆகியிருந்தது.

அதற்காக எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. சோவியத் உதவியில் பிலாய், மேற்கு ஜெர்மனி உதவியில் ரூர்கேலா, பிரிட்டன் உதவியில் துர்காபூர் என மூன்று உருக்காலைகள் எழுந்தன. இந்திய ரயில்வேயின் தண்டவாளங்களில் பெரும்பகுதி இன்றும் பிலாயிலிருந்துதான் வருகிறது. தேசிய வருமானம் 25% உயர வேண்டும் என்பது இலக்கு, உயர்ந்தது சுமார் 20%. வேலை தரும் என்று நம்பிய குடிசைத் தொழில்கள் மட்டும் காகிதத்தில் சொன்ன அளவுக்குக் கைகொடுக்கவே இல்லை.

கூடுதல் வருமானம் யாருக்குப் போனது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1960இல் அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா? மஹலனோபிஸேதான். 1964இல் வந்த அறிக்கை, பொருளாதார அதிகாரம் சில கைகளில் குவிந்திருப்பதாகச் சொன்னது. பெரிய நிறுவனங்கள் மேலும் பெரிதாகத் திட்டமிட்ட பொருளாதாரமே உதவியிருக்கிறது என்றும் சொன்னது. தன் திட்டத்தின் மீதே இப்படி எழுதிக் கையெழுத்து போட்டார் அவர். பின்னாளில் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வருவதற்கு வழி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1967இல் திட்டக் கமிஷனை விட்டு விலகினார். 1972 ஜூன் 28 அன்று, 79ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மறைந்தார். 2007 முதல் அவருடைய பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் தினம்.

திட்டக் கமிஷன் இப்போது இல்லை. 2015 ஜனவரியில் அந்த இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. எந்தத் தொழிலுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. செமிகண்டக்டர் துறைக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு வேலைக்கு எவ்வளவு முதலீடு என்று அன்று அவர் போட்ட அதே வகுத்தலை நீங்களும் இதற்குப் போட்டுப் பார்க்கலாம்.

அவர் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் தொடர்கிறது. நடுவில் ஒரு ஓட்டை. 2017-18இல் எடுத்த குடும்பச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு வெளியிடாமல் நிறுத்திவிட்டது. அடுத்த ஆய்வு 2022-23இல்தான் நடந்தது. வறுமை குறித்து எந்த வரைபடம் போட உட்கார்ந்தாலும், 2011-12க்குப் பிறகு 11 ஆண்டுகளுக்கு என் கோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வரைகிறேன்.