கோபாலகிருஷ்ண பாரதியாரும் நந்தன் சரித்திரம் அச்சேறிய வரலாறும்

காவிரியின் கடைமடையில், நாகபட்டினத்துக்கு வடக்கே கடலோரமாக அமைந்த காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்டு மீண்டதாயினும், 1954ஆம் ஆண்டு வரை அவ்வூர் பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. காரைக்கால் என்றவுடன் அம்மையாரும் மாங்கனியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் தமிழுலகம் அவ்வூருக்குப் பட்டிருக்கும் மற்றொரு கடனை அறிந்தவர் சிலரே. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சு வடிவம் பெறுவதற்குத் தூண்டுகோலாக நின்றவர் அவ்வூரில் உத்தியோகம் பார்த்த ஒரு பிரெஞ்சு அதிகாரியாவர். அக்கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாருடைய வாழ்க்கையையும், நூல் வெளியிடும் துறைக்குப் புதியவராய் அவர் ஐம்பது வயதளவில் பட்ட பாட்டையும் ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றேன்.

பாரதியார் 1810ஆம் ஆண்டையொட்டி நாகபட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இராமசுவாமி பாரதியார். வீணையிலும் இசையிலும் வழிவழியாகப் பயிற்சியுடைய குடும்பம் அது. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், முடிகொண்டானிலும் பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணுவையர் என்னும் செல்வர் அவரை ஆதரித்தார். மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் வேதாந்தம் கற்றார். திருவிடைமருதூரில் இருந்த இராமதாசர் என்னும் வித்துவானிடம் இந்துஸ்தானி சங்கீதம் பயின்றார். விவாகம் செய்துகொள்ளவில்லை. தமக்கென்று வீடோ நிலமோ தேடிக்கொள்ளவுமில்லை. பாட்டும் யோகமும் சிவபக்தியுமே அவருக்குச் செல்வமாயிருந்தன.

தம்மைத் தாமே முன்னிறுத்திக்கொள்ளும் இயல்பு அவரிடம் இருந்ததில்லை. திருவையாற்றுக்குச் சென்று தியாகராச சுவாமிகளைத் தரிசித்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மாயூரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று அறிந்த சுவாமிகள், அப்பக்கத்துக் கோபாலகிருஷ்ண பாரதியாரைத் தெரியுமா என்று வினவிய பிறகே, தாமே அவர் என்று இவர் தெரிவித்தாராம். அப்பொழுது சுவாமிகளின் மாணாக்கர் ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் தாங்கள் ஏதேனும் செய்ததுண்டா என்று சுவாமிகள் கேட்க, பாரதியார் மௌனமாக இருந்துவிட்டார். அன்றிரவே தில்லைப் பெருமான்மேல் ஆபோகியில் ஒரு கீர்த்தனம் இயற்றி, மறுநாள் வந்து பாடிக்காட்டினார் என்பர். கேட்டால்தான் கொடுப்பார், கேளாவிட்டால் அது அவரோடு கிடக்கும். இவ்வியல்புடைய ஒருவருக்கு நூல் வெளியிடுதல் எத்துணைக் கடினமான காரியம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நந்தனாரின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணமாக நாற்பதுக்கும் குறைந்த பாடல்களில் பாடியிருக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்து, கோயில்களுக்குத் தோலும் நரம்பும் கோரோசனையும் அளித்துத் தொண்டுசெய்து, தில்லைக்கு நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாட்களைக் கழித்த ஓர் அடியாரின் கதை அது. பாரதியார் அச்சிறு புராணத்தை விரித்து, பல நாள் பாடத்தக்க பெரிய சரித்திரமாக்கினார். சேக்கிழார் கூறாத வேதியர் என்னும் நிலக்கிழார் ஒருவர் பாரதியார் வாக்கில் தோன்றுகிறார். நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்த பின்னரே தில்லைக்குப் போகலாம் என்று அவர் கட்டளையிடுகிறார். இறைவனருளால் ஓரிரவிலே பயிர் விளைந்து நிற்கிறது. சேரியின் பெரியவர்கள் நந்தனுக்குப் புத்தி சொல்கிறார்கள். அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஏசுகிறார்கள். தஞ்சை நாட்டில் பண்ணையாளுக்கும் நிலமுடையவனுக்கும் இடையே இருந்த வழக்கத்தைக் கண்ணாரக் கண்ட ஒருவரே இப்பகுதிகளை எழுதியிருத்தல் கூடும். பாட்டின் உருவங்களும் அவ்வாறே. கீர்த்தனங்களோடு நொண்டிச் சிந்து, கண்ணி, ஆனந்தக்களிப்பு, தண்டகம் முதலியவை கலந்து வருகின்றன. வயலில் வழங்கும் சொற்களும் கூசாமல் உள்ளே நுழைகின்றன. நந்தனார் தீயில் மூழ்கி வேதியர் வடிவத்தோடு எழுந்த பின்னரே சந்நிதிக்குச் செல்கிறார் என்னும் முடிவைப் பிற்காலத்தார் பலர் குறைகூறியதுண்டு. அக்குறையில் நியாயம் உண்டு. எனினும் அம்முடிவு சேக்கிழார் காலத்திலிருந்தே வருவது. வேதியரின் கொடுமையை வெளிப்படையாகப் பாடியது பாரதியாரின் துணிவு.

நாகபட்டினத்தில் கந்தப்ப செட்டியார் என்னும் பிரபுவின் ஆதரவில் இச்சரித்திரம் பாடப்பெற்றது. கேட்டவர் மனம் உருகினர். உருகியதோடு நில்லாமல் பாடத் தொடங்கினர். ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கும், ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கும் பாடல்கள் பரவின. வாய்வழியே பரவும் பாட்டுக்குச் சொல் மாறும்; மெட்டு மாறும்; சில வேளைகளில் இயற்றியவன் பெயரே மறைந்துபோம். புகழ் பரவப் பரவப் பிழையும் உடன் பரவுதல் அச்சில்லாத நூல்களுக்கு நேரும் விதி.

இந்நிலையிலேதான் காரைக்கால் அதிகாரியின் துணை கிட்டியது. தமிழர் அவரைச் சீசையா என்று வழங்கினர். அவர் இக்கீர்த்தனங்களின் சுவையை உணர்ந்து, இவை அச்சாதல் வேண்டும் என்று விரும்பி, அதற்கு வேண்டிய உதவியையும் செய்ய முன்வந்தார். பிறநாட்டுத் துரை ஒருவர் மனமுவந்து அச்சுக்கு வழிசெய்ய, நம்மவருள் பெரும்புலவர் ஒருவர் தயங்கி நின்றார் என்பது இவ்வரலாற்றின் விந்தை.

அக்காலத்தில் நூலொன்று வெளிவருவதற்குப் பொருள் மாத்திரம் போதாது. சிறப்புப் பாயிரம் வேண்டும். கற்றறிந்த புலவர் ஒருவர், இந்நூல் இன்னாரால் இயற்றப்பட்டது, இத்தகைய சிறப்புடையது என்று பாடித் தருவதே அது. இன்று புத்தகத்தின் முன்னே அணிந்துரையும், பத்திரிகையில் மதிப்புரையும், கடைத்தெருவில் விளம்பரமும் செய்யும் வேலையனைத்தையும் அன்று அப்பாயிரம் ஒன்றே செய்தது. புதிய நூலாசிரியனுக்கு அது இல்லையேல் புலவர் அவையிலே இடமில்லை.

மாயூரத்தில் அப்பொழுது வசித்துவந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815ஆம் ஆண்டு பிறந்த அவர் பாரதியாருக்குச் சில ஆண்டுகள் இளையவர். ஆயினும் தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் கலம்பகங்களுமாக எண்பதுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றிச் சோழநாடெங்கும் தலைசிறந்து விளங்கியவர். அவருடைய பாயிரத்தைப் பெறவேண்டுமென்று பாரதியார் விரும்பி அவர் வீட்டை அடைந்தார். பிள்ளையவர்களுக்கோ அந்நூலில் மனம் செல்லவில்லை. அதில் இலக்கண வழுக்கள் இருந்தன. பெரியபுராணத்துக்கு மாறான செய்திகளும் இருந்தன. இலக்கணத்தைக் கண்ணென்று போற்றிய ஒருவர் இவற்றைப் பாராட்டிப் பாடுதல் எவ்வாறு? அதே நேரத்தில், வயதிலும் பக்தியிலும் பெரியவரான பாரதியாரிடம் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லவும் அவருக்கு நா எழவில்லை. ஆதலால் இன்று பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று காலம் கடத்தினார். இதில் பிள்ளையவர்களைக் குறைசொல்லுதல் எளிது. தாம் ஒப்பாத ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுக்கலாகாது என்று அவர் எண்ணியதும் ஒருவகை நேர்மையே. முன்னுரை கேட்டவர்க்கெல்லாம் படியாமலே எழுதிக்கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கும் நமக்கு அத்தயக்கத்தின் அருமை விளங்காமற் போகாது.

பாரதியாரோ சலிப்படையவில்லை. பலமுறை வந்தார், பலமுறை வெறுங்கையோடு திரும்பினார். ஒருநாள் நண்பகலில் அவர் வந்தபோது பிள்ளையவர்கள் உணவுண்டு உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனமின்றிப் பாரதியார் வெளித்திண்ணையில் அமர்ந்தார். காத்திருக்கும் நேரத்தைக் கழிப்பதற்காக, எவரையும் நோக்காமல், தமக்குத் தாமே நந்தன் சரித்திரக் கீர்த்தனங்களை மெல்லப் பாடத் தொடங்கினார். தில்லையைக் காண ஏங்கும் நந்தனுடைய சொற்கள் அவை. பாடப்பாடப் பாரதியார் தம்மை மறந்தார், கண்ணீர் பெருகிற்று. உள்ளேயிருந்த பிள்ளையவர்கள் விழித்துக் கேட்டார். ஏட்டிலே படித்தபோது வழுவென்று நெருடிய சொற்கள், பாட்டிலே கேட்டபோது அவ்வாறு நெருடவில்லை போலும். அவர் மனமும் கரைந்தது. வெளியே வந்து, இதுகாறும் தாமதித்ததற்கு வருந்தி, வேண்டிய சிறப்புப் பாயிரத்தை அளித்தார். இதனைப் பிள்ளையவர்களின் மாணாக்கரான டாக்டர் உ. வே. சாமிநாதையர் பின்னாளில் தாம் எழுதிய நூல்களில் வரைந்து வைத்திருக்கிறார்.

வாயிலில் நின்று உள்ளே புக ஏங்கிய அடியாரைப் பாடியவர், தம் பாட்டுக்காகப் பிறர் வாயிலில் காத்திருந்தார் என்று எண்ணத் தோன்றும். அவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் தகாது. பாரதியார் காத்திருந்தது சில நாட்கள்; அவருக்குத் திண்ணையாவது கிடைத்தது. நந்தன் குலத்தாருக்கு அதுவும் இல்லை.

1860களின் தொடக்கத்தில், சீசையாவின் உதவியால் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை புத்தகமாக வெளிவந்தது. அதன்பின் பல அச்சுக்கூடத்தார் அதனைப் பலமுறை பதிப்பித்தனர். புத்தகம் கையிலிருந்ததனால் பாகவதர்கள் பாடம் பண்ணுதல் எளிதாயிற்று. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் மகாராஷ்டிர முறையைத் தழுவிய தம் கதாகாலட்சேபங்களில் இதனை எடுத்தாண்டு நாடெங்கும் பரப்பினார். இக்கீர்த்தனங்களின் மெட்டுகள் சுப்பிரமணிய பாரதியாரின் தேசியப் பாடல்கள் சிலவற்றுக்கும் மெட்டாயின. நாடக மேடை ஏறி, 1935ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்த படமாகவும், 1942ஆம் ஆண்டில் தண்டபாணி தேசிகர் நடித்த படமாகவும் இக்கதை வெளிவந்தது. கச்சேரி மேடைகளில் இன்றும் இக்கீர்த்தனங்கள் ஒலிக்கின்றன.

பாரதியார் இப்புகழினால் செல்வராகவில்லை. இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் பாடினார். தம் நூலுக்குத் துணைநின்ற ஊரின் பெயரைத் தாங்கிய அம்மையாரையும் அவர் பாடியிருத்தல் படிக்கும்தோறும் மகிழ்ச்சி தருகிறது. 1871ஆம் ஆண்டில் தமிழ் கற்க மாயூரம் வந்த இளைஞர் சாமிநாதையர், பாரதியாரிடம் சிலகாலம் சங்கீதமும் பயின்றார். பாட்டில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குன்றும் என்று பிள்ளையவர்கள் கருதியதனால் அப்பயிற்சி நின்றது. திண்ணையிலே உருகிய பிள்ளையவர்கள் தம் கொள்கையை முற்றும் மாற்றிக்கொண்டுவிடவில்லை என்று இதனால் தெரிகிறது!

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ஆம் ஆண்டில் காலமானார். அவருக்குப் பின்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பாரதியார், 1896ஆம் ஆண்டில் சிவராத்திரி நாளன்று சிவபதம் அடைந்தார்.