டார்சி என்றொரு தண்ணீர்க்காரர்

நிலநூல் மாணவர்களாகிய நாங்கள் அன்றாடம் உச்சரிக்கும் பெயர் ஹென்றி டார்சி. பாறைக்குள் நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதற்கு அளவுகோல் தந்தவர் அவர்.

பிரான்சு நாட்டு டிஜோன் நகரில் 1803-இல் பிறந்தார். பதினான்காம் வயதில் தந்தையை இழந்தார். தாயின் விடாமுயற்சியால் படித்துப் பொறியியலாளரானார். அன்று அவ்வூர் மக்கள் குடித்தது அழுக்கடைந்த கிணற்று நீரைத்தான். சுண்ணாம்புப் பாறையில் பிறக்கும் ரோசுவார் ஊற்றை, 12 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மூடிய கால்வாய் வழியே 1840-இல் நகருக்குள் கொண்டுவந்தார். நகரத்தார் தரவிருந்த பெருந்தொகையை வேண்டாமென்றார். (இக்காலக் குத்தகைக்காரர்கள் மன்னிப்பார்களாக!)

1848-இல் அரசியல் மாறியது; சொந்த ஊரைவிட்டு அகற்றப்பட்டார். உடலும் நலிந்தது. ஆயினும் 1855-இல் டிஜோன் மருத்துவமனையில் ஒரு நெடுங்குழாயில் மணலை நிரப்பி நீரைச் செலுத்தினார். மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடு இரட்டித்தால் ஒழுக்கும் இரட்டித்தது. மணலின் நீளம் இரட்டித்தால் பாதியானது. எஞ்சிய ஓர் எண் மணலுக்கே உரியது. 1856-இல் வெளியான தம் பெருநூலின் பின்னிணைப்பில்தான் இதை வைத்தார்!

என்னைக் கவர்வது இதுதான்: அவர் ஊருக்கு நீர் தந்த சுண்ணாம்புப் பாறையே அவர் விதிக்கு எளிதில் அடங்குவதில்லை. கையளவு துண்டைச் சோதித்தால் சிறு மதிப்பு. கிணற்றில் நீர் இறைத்து மட்டம் இறங்குவதை அளந்தால், வெடிப்புகளும் சேர்ந்துகொள்வதால், பன்மடங்கு. பெருங்குகை வழிகளிலோ நீர் விரைந்தோட, விதியே பொருந்தாது; சாயம் கரைத்துவிட்டு ஊற்றருகே காத்திருக்க வேண்டியதுதான்.

1858 ஜனவரியில், தம் 54-ஆம் வயதில், பாரிசில் மறைந்தார். உடலை டிஜோனுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தனர்.